வீட்டில் வெட்டிய அலுமினிய அம்பு

"அதெல்லாம் நாமளே பண்ணிரலாம் பாய்."

என் வாய் இதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இல்லை. முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தால் அது என்னைக் கேட்காமல் தனியாகக் கிளம்பிவிடும். அது ஒப்புக்கொண்டு வருகிற சோலியை எல்லாம் பின்னால் நான்தான் செய்து முடிக்க வேண்டும்.

போடி பஜாரில் முதலாளிக்கு ஏலக்காய்க் கடை. குரங்கணிக்கு மேலே இருக்கிற அவருடைய ஏலத்தோட்டத்துக்கு நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் எது நடந்தாலும் முதல் ஆளாகப் பயப்பட வேண்டியவன். அந்த வேலையில் மட்டும் என்மேல் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்குப் பயப்பட நிஜமாகவே காரணம் இருந்தது. குரங்கணியிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ஜீப்பு ரோடு பாதி மலையில் இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் ஏலக்காய் உலர்த்துகிற எங்கள் ஸ்டோர். இடது பக்கம் போனால் பக்கத்துத் தோட்டத்தின் மோட்டார் கொட்டகை. கொட்டகைவரை அந்த ரோடு நல்ல பிள்ளையாகப் போகும். அதைத் தாண்டி ஒரு வளைவில், போன மழையில் சரிந்து பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. ரோடு இருந்த இடத்தில் இப்போது காற்றுதான் இருக்கிறது. வளைவுக்கு முன்னால் நாங்கள் உருட்டி வைத்த கற்களை அடுத்த மழை தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. கொட்டகைக்கு அவர்கள் ஜீப்பு போய்வர வேண்டியிருப்பதால் பிரிவிலேயே மறித்து வைக்கவும் வழியில்லை.

இத்தனை நாளும் இது ஒரு பிரச்சினையாக இல்லை. எங்கள் டிரைவர் அந்த ரோட்டைத் தூக்கத்தில்கூட ஓட்டுவார். சில நாள் அப்படித்தான் ஓட்டினாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் என்று மதுரைக்குப் போய்ப் படுத்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து தேவாரத்துக்காரர் ஒருவர் மாற்று டிரைவராக வருகிறார். கீழே டிராக்டர், வேன் எல்லாம் ஓட்டியவர். எங்கள் மலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆடி மாதம் வேறு. காலையில் மலையில் பனிமூட்டம் இறங்கினால் ஜீப்பின் மூக்கு ஜீப்புக்கே தெரியாது. அந்த மூட்டத்துக்குள்தான் காய் எடுக்கிற பெண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு அவர் வர வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிற அவர்களும் சாரலுக்குப் படுதாவை இறக்கிக் கட்டிக்கொள்வார்கள். பிரிவில் இடது பக்கம் திரும்பிவிட்டால், அந்த வளைவில் ஜீப்பு நிற்க ரோடு இருக்காது.

ஆகவே பிரிவில் ஒரு போர்டு வேண்டும். கூடவே ஏற்றத்தில் 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒன்று, மருந்து அடித்த இடத்தில் 'உள்ளே வரக் கூடாது' என்று ஒன்று. தேனியில் போர்டு செய்கிறவருக்கு முதலாளி போன் போட்டார். "ஆடித் திருவிழா பிளக்ஸ் முடியட்டும் பாய், அப்புறம் பண்ணித் தாறேன்" என்றார் அவர். முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் என் வாய் கிளம்பிப் போனது.

"உனக்கு அந்த வேல தெரியுமா மாப்ளே?" என்றார் முதலாளி.

"தகட்ட வெட்டணும், ஸ்டிக்கர ஒட்டணும், பைப்புல மாட்டணும். இதுல தெரிய என்ன பாய் இருக்கு?"

"உன்னைய நம்பி பொம்பளையாளுக வருதுக. பாத்துச் செய்யி."

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கடையில் அலுமினியத் தகடு வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி வைத்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். ஆடிக் காற்று கணவாயிலிருந்து நேராகப் போடிக்குள் இறங்கி ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தகட்டில் காற்று மோதியதும் ஸ்கூட்டர் நான் போக நினைத்த தெருவை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த தெருவில் திரும்பியது. தகடும் காற்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் காற்றைத் திட்டியதோடு நிறுத்திக்கொண்டேன்.

மொட்டை மாடியில் பட்டறை போட்டேன். என் மனைவி ஈரத்துணி காயப்போட வந்தவள், தகட்டையும் கத்திரியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல யாரு யார வெட்டப் போறீங்க?"

"எஸ்டேட்டுக்குப் போர்டு. வெலைக்கு வாங்கல, நாமளே செய்யிறோம்."

"நாமளேன்னா?"

"நான்."

"அப்பச் சரி. துணியத் தள்ளிக் காயப்போடுறேன்."

முதலில் 'மெதுவாகச் செல்லவும்'. வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் ஸ்டிக்கரைத் தகட்டில் ஒட்டிவிட்டு, அதன்மேல் கறுப்பு எழுத்துகளை வெட்டி ஒட்ட வேண்டும். எழுத்துகளைக் கறுப்பு ஸ்டிக்கரின் முதுகில், வெள்ளைக் காகிதத்தின்மேல் அழகாக வரைந்து, பிளேடால் அழகாக வெட்டி, உரித்துத் திருப்பினேன். எல்லா எழுத்தும் இடம் வலமாகத் திரும்பி நின்றன. ஒவ்வொரு கொம்பும் சுழியும் என்னைக் கேலி செய்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது யாருக்கு? கண்ணாடியில பின்னால பாத்துக்கிட்டே மல ஏறுறவுகளுக்கா?"

மறுபடி வெட்டினேன். ஒட்டும்போது உள்ளே காற்று நின்று மஞ்சள் பரப்பு முழுக்க அப்பளம் மாதிரி கொப்புளம். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் தள்ளி எடுத்துவிடலாம் என்று போனில் பார்த்தேன். தள்ளுவதற்குப் பட்டையாக ஒரு சாமான் வேண்டும். அடுக்களைக்குப் போய்த் தோசைக் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது மாட்டிக்கொண்டேன்.

"அதக் கீழ வைங்க."

"ஒரே ஒரு போர்டு."

"ராத்திரிக்குத் தோசைதான். சோப்பு வாசம் வந்துச்சுன்னா நீங்கதான் அத்தனையும் திங்கணும்."

சோப்பு வாசம் வந்தது. அத்தனையும் தின்றேன்.

கடைசியாகப் பிரிவுக்கான போர்டு. இதுதான் முக்கியம் என்பதால் இதில் என் மூளையைச் செலவழித்தேன்; ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது. சதுரத் தகட்டில் அம்புக்குறி போட்டால் மூட்டத்தில் மஞ்சள் சதுரம் மட்டும்தான் தெரியும். தகட்டையே அம்பு வடிவத்தில் வெட்டிவிட்டால்? எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியுமே. முன்னால் கூர் மூக்கு, பின்னால் வால். ஏறுகிறவருக்கு ஒரு பக்கம், இறங்குகிறவருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு முகத்திலும் மஞ்சள் ஒட்டி, 'ஸ்டோர்' என்று எழுதினேன். வால் பக்கம் பைப்பில் மாட்டினால் அம்பு முழுசும் ரோட்டை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு நிற்கும். மாடிப்படிக்குக் கீழே இருட்டில் வைத்து டார்ச் அடித்துக் காட்டினேன். புலி கண்ணைத் திறந்த மாதிரி மின்னியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதைப் பற்றியும் அவள் இவ்வளவு பெரிய பாராட்டைச் சொன்னதில்லை. தலை கால் புரியாமல் போய்விட்டது. உடனே தேவாரத்து டிரைவருக்குப் போன் போட்டேன்.

"திங்கக்கெழம பிரிவுல ஒரு மஞ்சள் அம்பு இருக்கும். அது காட்டுற பக்கம் கண்ண மூடிக்கிட்டுப் போங்க."

"சரிண்ணே" என்றார் அவர். நல்ல மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை போர்டுகளோடு மலை ஏறினேன். துணைக்குத் தோட்டத்தில் கட்டு வேலை பார்க்கிற அண்ணன். காற்றுக்காலத்தில் ஏலத் தூர்கள் சாய்ந்துவிடாமல் தண்டுகளைச் சேர்த்துக் கயிறு கட்டுவதுதான் அவர் வேலை. என்னைவிட மூத்தவர்; ஆனால் சூப்பர்வைசர் என்பதால் அவரும் என்னை 'அண்ணே' என்பார். ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த பழைய தண்ணீர்ப் பைப்புகளைத் தூக்கிவந்து குழி தோண்டி, கல்லும் சிமெண்டும் போட்டு நட்டோம். போர்டைப் பைப்போடு சேர்த்து இறுக்குகிற கிளாம்பை எடுத்தேன். பைப்பின் இடுப்பில் பாதிக்குக்கூட அது வரவில்லை.

"என்னண்ணே, பைப்ப அளந்துதான கிளாம்ப வாங்குனீங்க?" என்றார்.

"அளந்துதான் வாங்குனேன்."

"எந்தப் பைப்ப?"

"கடையில இருந்த பைப்ப."

அவர் கிளாம்பை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த நைலான் கயிற்றை உருவினார். "கெடக்கட்டும் விடுங்க. நாளைக்குக் கிளாம்பு வாற வரைக்கும் கயிறு தாங்கும். நான் கட்டுன கட்டு எந்தக் காத்துக்காச்சும் அவுந்திருக்கா?"

அவிழ்ந்ததே இல்லை. அது எனக்குத் தெரியும். தகட்டில் நான் போட்டிருந்த ஓட்டைகளில் கயிற்றைக் கோத்து, பைப்பைச் சுற்றி அவர் கட்டியதைப் பார்க்கவே அழகாக இருந்தது. அம்பு வலது பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றது. போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். மனைவிக்கும் அனுப்பினேன். இரண்டு பேரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். அன்றைக்கு மேலேயே தங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்ததும், ஜீப்பு வருவதற்கு முன்னால் என் அம்பைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பாதுகாப்புக்காகப் போனேன் என்று சொல்லலாம். ஆனால் ரசிக்கத்தான் போனேன். மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இரவெல்லாம் அடித்த காற்று இன்னும் ஓயவில்லை. மூட்டம் ஆளை விழுங்குகிற மாதிரி நின்றது.

வழியில் மருந்து போர்டு. 'உள்ளே வரக் கூடாது' என்பது பாதையைப் பார்க்காமல் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. காட்டுமாடுகளை எச்சரித்துக்கொண்டிருக்கிறது போல என்று சிரித்துக்கொண்டே கடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் நடையும் நின்று ஓட்டமானது.

பிரிவில் என் அம்பு அழகாக, மஞ்சளாக, மூட்டத்தையும் மீறிப் பளிச்சென்று, இடது பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

பிடித்துத் திருப்பினேன். திரும்பியது. கையை எடுத்தேன். காற்று வந்து அதை மறுபடி இடது பக்கம் கொண்டுபோய் விட்டது. அப்போதுதான் கட்டைப் பார்த்தேன். அவிழவில்லை; அவர் சொன்னது சரி. ஆனால் கயிற்றுக்கும் பைப்புக்கும் நடுவில் ஒரு விரல் போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஏலத் தூருக்குக் கட்டுகிற கட்டு அது. தண்டு அறுபடாமல், பருத்து வளர இடம் விட்டுக் கட்டியிருந்தார். இரும்புப் பைப்பு வளர்வதற்கு! வாலில் மட்டும் பிடித்து, உடம்பு முழுக்க ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்த என் அம்பு அந்த இடைவெளியில் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் செய்தது வழிகாட்டி அல்ல. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டுகிற கருவி.

கயிற்றை இறுக்கப் பார்த்தேன். நனைந்த முடிச்சு கல்லாக இருந்தது. இடைவெளியில் குச்சியைச் செருகினேன், முறிந்தது. போனை எடுத்தேன், டவர் இல்லை. 'கண்ண மூடிக்கிட்டுப் போங்க' என்று நான் சொன்னது என் குரலிலேயே காதுக்குள் கேட்டது. சரி, நானே அம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். எளிய வழி. புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்திருப்பான். நானும் கொஞ்ச நேரம் செய்தேன்.

அப்போது ஜீப்புச் சத்தம் கேட்டது. இடது பக்கத்திலிருந்து.

மூட்டத்தில் மலைச் சரிவு சத்தத்தை எங்கெங்கோ முட்டி எதிரொலிக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் வருவதற்கு முன்பே ஜீப்பு இடது பக்கம் போய்விட்டது, அந்தப் பெண்கள் வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அம்பை விட்டுவிட்டு ஓடினேன். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்திக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு, லுங்கியைப் பல்லில் கடித்துக்கொண்டு. பல்லில் லுங்கி இருந்தால் 'நிறுத்து' எப்படிக் கேட்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. ஒரு செருப்பு எங்கேயோ தங்கிவிட்டது.

மோட்டார் கொட்டகையைத் தாண்டினேன். முன்னால் ஜீப்பும் இல்லை, சக்கரத் தடமும் இல்லை. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. நின்று மூச்சு வாங்கினேன். அப்போதுதான் அது எனக்குப் பின்னாலிருந்து வருகிறது என்பது உறைத்தது. திரும்பினால் மூட்டத்துக்குள் இரண்டு வெளிச்சம் என்னை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

ரோட்டுக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை. இது வீரம் இல்லை. காலுக்கு நகரத் தெரியவில்லை. ஜீப்பு ஆள் உயரத் தூரத்தில் வந்து நின்றது. பின்னால் படுதாவுக்குள்ளிருந்து யாரோ தகரத்தில் படபடவென்று அறைகிற சத்தம்.

தேவாரத்துக்காரர் தலையை நீட்டினார். முகத்தில் நன்றி.

"வாங்கண்ணே. நல்ல வேள, நீங்க முன்னால ஓடி வழி காட்டுனீங்க. இல்லன்னா இந்த மூட்டத்துல ரோடே தெரியல."

லுங்கியை வாயிலிருந்து எடுத்தேன். "இதுவா வழி?" என்றேன்.

"போர்டு இந்தப் பக்கம்தான காட்டுச்சு? நீங்களும் மஞ்சக் கோட்டப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கம்தான ஓடுனீங்க? ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு."

அவரைக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டிப் போனேன். அடுத்த வளைவுதான். ரோடு முடிந்து, வேர்கள் தொங்க, கீழே வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. அவர் எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

படுதாவை அவிழ்த்துக்கொண்டு முதலில் குதித்தவர் பெண்களுக்குத் தலைவியான அக்கா. அவர் எந்த மேஸ்திரிக்கும் பயப்படாதவர். எனக்குப் பயப்பட வேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"ஏய் அப்பு, எம்புட்டு நேரமாத் தட்டுறேன், காது கேக்கலயா?" என்றார் டிரைவரிடம்.

"வெரசாப் போகச் சொல்லித் தட்டுறீங்கன்னு நெனச்சேன் ஆத்தா."

"நல்லா நெனச்ச! வண்டி இடப்பக்கம் சாயயிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் முன்னால உக்காந்து வழி சொல்றேன்னுதான சொன்னேன். நீ கேட்டியா? அரிசி மூடைய முன்சீட்டுல ஏத்திப்புட்டு, போர்டு வச்சிருக்காக ஆத்தா, நான் பாத்துக்கிறேன்ன."

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு காலில் செருப்பில்லாத, சேறு அப்பிய, மஞ்சள் கோட்டுச் சூப்பர்வைசரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"போர்டு செஞ்சது யாரு?"

"நான்தான்க்கா."

"ஓடுனது?"

"அதுவும் நான்தான்."

மற்ற பெண்கள் இறங்கி வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்தபோது என்னிடம் இருந்த கிண்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அக்காதான் அந்த இறுக்கத்தைக் கலைத்தார். "சரி சரி, அழுதது போதும். அண்ணன் நின்ன நிலையப் படுதாவ வெலக்கிப் பாத்தேன். கைய விரிச்சிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, திருவிழாவுல சாமி வந்த மாதிரி." அழுத பெண் அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். நான் கண்ணை மூடியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும்.

ஜீப்பைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பெண்கள் யாரும் ஏறவில்லை. முன்னும் பின்னும் நின்று, "ஒடி, ஒடி, போதும், நேராக்கு" என்று கத்திக் கத்தியே கொட்டகைவரை கொண்டுவந்து திருப்பினார்கள். பிரிவுக்கு வந்தபோது கட்டு வேலை அண்ணன் அங்கே நின்றுகொண்டிருந்தார். கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கிக் கட்டுனாத் தண்டு அறுந்துரும்ல" என்றார் மெதுவாக.

"பைப்பு அறுந்துருமாண்ணே?" என்றேன்.

"கை பழகிப்போச்சு." அவர் முகம் வாடியிருந்தது.

"அவரச் சொல்லாதீங்க" என்றார் அக்கா. "அவரு கட்டுனது நின்னுச்சு. நீங்கதான் நின்ன எடத்துல நிக்கல."

ஸ்டோரிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். "எல்லாரும் நல்லா இருக்காகளா?" என்றார். நல்லா இருக்காங்க பாய் என்றேன். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஏன் மாப்ளே, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க நமக்கு எதுக்குத் தனியா ஒரு போர்டு?" என்றார் அதற்கப்புறம்தான்.

மதியம் ஜீப்பு போடிக்குப் போய்ச் சரியான கிளாம்புகளைக் கொண்டுவந்தது. இந்தத் தடவை பைப்பின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து அந்தக் கயிற்றையே கொடுத்து அனுப்பியிருந்தேன். சிமெண்டு முழுசாக இறுகாததால் பைப்பைப் பிடுங்கி ஸ்டோருக்குத் தூக்கிப் போனோம். கரண்டு அங்கேதான் இருக்கிறது. கிளாம்பு நழுவாமல் இருக்கப் பைப்பையும் சேர்த்துத் துளை போட்டு நீள போல்ட்டு ஏற்றினேன். பைப்பே குழிக்குள் சுற்றிவிடாமல் இருக்க அடியில் குறுக்கே ஒரு கம்பியும் கொடுத்து மறுபடி நட்டோம். கட்டு வேலை அண்ணன் அம்பின் மூக்கைப் பிடித்துத் தொங்கியே பார்த்தார். அசையவில்லை. மருந்து போர்டையும் காட்டுப் பக்கமிருந்து ஆட்கள் பக்கம் திருப்பி அதேமாதிரி முடுக்கினோம்.

மறுநாள் காலையிலும் மூட்டம். அரிசி மூட்டை இல்லாத முன்சீட்டில் அக்கா வருவார் என்பது எனக்குத் தெரியும். போல்ட்டு அசையாது என்பதும் தெரியும். டிரைவர் அந்த ரோட்டை இனி ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டார் என்பதும் தெரியும். இருந்தும் விடிந்ததும் பிரிவுக்கு இறங்கி, அம்புக்குப் பக்கத்தில் நானும் வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

ஜீப்பு ஊர்ந்து வந்தது. முன்சீட்டிலிருந்து அக்காவின் தலை வெளியே நீண்டது.

"அண்ணே, கைய எறக்குங்க! காத்து அடிக்குது, நீங்க வேற திரும்பிறப் போறீக!"

படுதாவுக்குள் அத்தனை பேரும் சிரித்தார்கள். டிரைவர்கூடச் சிரித்துக்கொண்டேதான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தார். பின்விளக்கு மூட்டத்துக்குள் கரைந்து, ஜீப்பு ஸ்டோர் ஏற்றத்தில் கியர் மாற்றுகிற சத்தம் கேட்கிறவரை நான் கையை இறக்கவில்லை.